பிணைந்த இரு ஒளி வளையங்கள்: தாவலையும் துடிப்பையும் முதலில் கணித்து, பிறகு அளப்பது எப்படி

ஒரு சிலிக்கான் நைட்ரைடு சில்லில் இரண்டு வளையங்கள் அருகருகே இருக்கின்றன. முதல் வளையத்துக்குப் பக்கத்தில் ஓடும் அலைவழியிலிருந்து லேசர் ஒளி அதற்குள் இறங்குகிறது. வளையங்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியைத் தாண்டி இரண்டாவதற்குப் போகிறது, திரும்பியும் வருகிறது. திறன் குறைவாக இருக்கும்வரை இது இரண்டு ஊசல்களை ஒரு நூலால் கட்டிய கதைதான். திறன் கூடியதும் கெர் விளைவு தலைகாட்டும். ஒளியின் செறிவே ஒளிவிலகல் எண்ணை மாற்ற, ஒத்ததிர்வு அதிர்வெண் நகரும், நகர்ந்ததால் செறிவு மாறும். அங்கிருந்து இருநிலைத் தாவல் (ஒரே உந்தலுக்கு இரண்டு நிலையான செறிவுகள் இருந்து, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுவது), சமச்சீர் முறிவு (சமமாக உந்தியும் இரு வளையங்களும் சமமின்றிப் போவது), தானே துடிப்பது, ஒழுங்கற்ற ஆட்டம் என்று எல்லாம் வரலாம்.

இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் நேராகக் காலத்தில் ஓட்டும் நிரலை எழுதிவிடுகிறார்கள். திரையில் ஒரு துடிப்பு தெரியும். அது ஒளியின் துடிப்பா, கணிப்பு முறையின் பிழையா, லேசரை அவசரமாக நகர்த்தியதால் வந்த அதிர்வா என்று சொல்ல வழியிருக்காது. ஆகவே இங்கே வரிசை வேறு: முதலில் நிலைப்புள்ளிகளின், அதாவது காலத்தோடு மாறாத தீர்வுகளின், முழு வரைபடம், பிறகு அவற்றின் நிலைப்பு, அதன்பின் காலம், கடைசியில் ஆய்வக மேசை. பைத்தானும் அதன் எண்கணக்கு நூலகமான நம்பையும் உள்ள சாதாரண மடிக்கணினி போதும்.

சமன்பாடு

வளையத்துக்கு ஒரு ஒத்ததிர்வு என்று எடுத்துக்கொண்டால் இரண்டே கலப்பெண் மாறிகள்: அ1, அ2. செறிவுகள் செ1 = |அ1|², செ2 = |அ2|². கற்பனை அலகை க என்று குறிப்போம்.

அ1′ = −(1 + க·வி)·அ1 + க·செ1·அ1 + க·பி·அ2 + உ

அ2′ = −(1 + க·வி)·அ2 + க·செ2·அ2 + க·பி·அ1

வி என்பது இசைவு விலகல்: ஒத்ததிர்வு அதிர்வெண்ணிலிருந்து லேசர் அதிர்வெண்ணைக் கழித்தது. லேசர் சிவப்புப் பக்கம் போகப் போக வி கூடும். பி வளையங்களின் பிணைப்பு, உ வெளியிலிருந்து வரும் உந்தல். விலகலும் பிணைப்பும் இழப்பு வீதத்தின் பாதியை அலகாகக் கொண்டவை. காலத்தின் அலகு, 2-ஐ இழப்பு வீதத்தால் வகுத்தது. இரு வளையங்களுக்கும் ஒரே இழப்பு என்று வைத்திருக்கிறோம். அது உண்மையாக இருக்க, இரண்டாம் வளையத்துக்கும் முதல் வளையத்துக்கு உள்ளதைப் போலவே ஒரு அலைவழி பக்கத்தில் இருக்க வேண்டும். அதை வெளியேற்று வழி என்போம். அது இல்லாத சில்லில் இரண்டாம் சமன்பாட்டின் 1-க்குப் பதிலாக இழப்பு விகிதத்தைப் போட வேண்டும். முதல் வளையம் தனியாக உச்சப் பிணைப்பில், அதாவது உள்ளிழப்பும் அலைவழியோடுள்ள வெளிப்பிணைப்பும் சமமாக, இருந்தால் அது 0.5. இதை மறந்துவிட்டு அளவீட்டோடு பொருத்தப் பார்த்தால், அலைவழியின் நிறமாலையில் ஒத்ததிர்வுகள் தெரியும் இரண்டு பள்ளங்களின் அகலமும் ஆழமும் ஒருபோதும் சேராது.

குறிகளில் தடுமாறுவது இத்துறையின் நித்தியக் கோளாறு. ஒரு நூல் வி-யை நேர்க்குறியோடும் இன்னொன்று எதிர்க்குறியோடும் எழுதும். இரண்டையும் கலந்தால் கெர் நகர்வு தப்பான பக்கம் போகும். சோதனை எளிது: பி = 0, உ² = 4 என்று வைத்து ஒரு வளையத்தை மட்டும் பாருங்கள். செறிவின் உச்சம் வி = 4-இல், செ1 = 4 என்று வர வேண்டும். உச்சம் வி = −4-இல் விழுந்தால் குறி மாறியிருக்கிறது.

எண்களைச் சில்லோடு கட்டுவது

அலகில்லா எண்களோடு மட்டும் விளையாடினால், மில்லிவாட்டா கிலோவாட்டா என்பது தெரியாமலே போய்விடும். ஒரு நடைமுறை வளையத்தை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் 1550 நானோமீட்டர். அடுத்தடுத்த ஒத்ததிர்வுகளுக்கு நடுவே 100 கிகாஹெர்ட்ஸ். குழு ஒளிவிலகல் எண் 2.1 என்றால் சுற்றளவு சுமார் 1.43 மில்லிமீட்டர், ஆரம் 227 மைக்ரோமீட்டர். ஒளி அடங்கும் குறுக்குப் பரப்பு 1 சதுர மைக்ரோமீட்டர். சிலிக்கான் நைட்ரைடின் கெர் கெழு வாட்டுக்கு 2.4 × 10⁻¹⁹ சதுர மீட்டர். உள்ளார்ந்த கியூ காரணி (ஒத்ததிர்வு அதிர்வெண்ணை வரி அகலத்தால் வகுத்தது) 50 லட்சம்.

இதிலிருந்து உள்ளிழப்பு 38.7 மெகாஹெர்ட்ஸ். அலைவழியோடு உள்ள வெளிப்பிணைப்பையும் அதே அளவுக்கு வைத்தால் மொத்த வரி அகலம் 77.4 மெகாஹெர்ட்ஸ். கோண அலகில் அது வினாடிக்கு 4.86 × 10⁸. எனவே நம் காலத்தின் ஓர் அலகு 4.1 நானோவினாடி, விலகலின் ஓர் அலகு 38.7 மெகாஹெர்ட்ஸ்.

வளையத்தில் ஒரு ஃபோட்டான் கூடினால் ஒத்ததிர்வு எவ்வளவு நகரும்? ஃபோட்டானின் ஆற்றல், கோண அதிர்வெண், ஒளிவேகம், கெர் கெழு நான்கையும் பெருக்கி, ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தாலும் பருமனாலும் வகுக்க வேண்டும். இந்த வளையத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 2 ரேடியன். அற்ப எண்தான், ஆனால் உள்ளே கோடிக்கணக்கான ஃபோட்டான்கள் சுற்றும். உந்தலின் வர்க்கம் உ² = 8 × ஒரு ஃபோட்டானின் கெர் நகர்வு × வெளிப்பிணைப்பு வீதம் × திறன் ÷ (மொத்த இழப்பு வீதத்தின் முப்படி × ஃபோட்டானின் ஆற்றல்). கணக்குப் போட்டால் உ² = 1 என்பது அலைவழியில் 3.9 மில்லிவாட். கியூ இரட்டித்தால் இது கால்வாசியாகும். திறன் போதவில்லை என்று பெரிய பெருக்கி தேடுவதைவிட நல்ல கியூ உள்ள சில்லைத் தேடுவதே லாபம் என்பதற்கு இந்த வர்க்கம்தான் காரணம்.

தனி வளையத்தில் இருநிலை தொடங்க வி √3-ஐத் தாண்ட வேண்டும், உ² 1.54-ஐத் தாண்ட வேண்டும். அதாவது 6 மில்லிவாட். இரண்டு வளையங்கள் வலுவாகப் பிணைந்து, ஒன்றை மட்டும் உந்தினால் வாசல் நான்கு மடங்காகி, 6.16-ஐ ஒட்டி, 24 மில்லிவாட்டுக்குப் போகும். ஒளி இரு வளையங்களிலும் பங்கிடப்படுவதால் ஒவ்வொன்றுக்கும் உந்தலின் பாதிதான் சேர்கிறது. பாதியின் வர்க்கம் கால். புதிதாகப் பிணைத்த சில்லில் பழைய திறனைக் கொடுத்து, தாவல் ஏதும் இல்லையே என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

பிணைப்பைப் பற்றி வடிவமைப்பவர்களுக்கு ஒரு சொல். அலைவழியோடு வெளிப்பிணைப்பு 38.7 மெகாஹெர்ட்ஸ் என்றால், ஒரு சுற்றுக்கு 0.24 விழுக்காடு திறன் கடக்கிறது. வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையே பி = 5 வேண்டுமானால் கடக்க வேண்டியது வெறும் 0.015 விழுக்காடு. இரண்டு எண்களையும் பார்த்ததும் தப்பு நடந்துவிட்டது போலத் தோன்றும். தப்பில்லை. அலைவழிக்குப் போகும் ஒளி போனதுதான், அங்கே எண்ணப்படுவது திறன். வளையங்களுக்கு நடுவே ஒளி கட்டம் மாறாமல் போய்த் திரும்புவதால் வீச்சு வீச்சாகக் கூடுகிறது. பிணைப்புக் கோணம் 0.012 ரேடியன், அதை 100 கிகாஹெர்ட்ஸால் பெருக்கினால் பிணைப்பு வீதம். ஆகவே வளையங்களுக்கு இடையிலான இடைவெளி அலைவழி இடைவெளியைவிட அகலமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே இடைவெளி வரைந்தால் பிளவு, அதாவது பிணைப்பால் பிரிந்த இரு ஒத்ததிர்வுகளின் தூரம், பல வரி அகலங்கள் கூடிவிடும்.

நிலைப்புள்ளிகள்: மூலம் தேட வேண்டியதில்லை

நிலைப்புள்ளிகளைப் பிடிக்கப் பலர் நியூட்டன் முறையைப் பல தொடக்கப் புள்ளிகளிலிருந்து ஓட்டுகிறார்கள். சில கிளைகள் எப்போதும் தப்பிவிடும். இந்தச் சமன்பாட்டுக்கு அந்தப் பாடே வேண்டாம். பின்னாலிருந்து தொடங்குங்கள். செ2 தெரியும் என்று வைத்துக்கொண்டால் இரண்டாம் சமன்பாடே செ1-ஐத் தந்துவிடும்:

செ1 = செ2 · [1 + (வி − செ2)²] ÷ பி²

அதை முதல் சமன்பாட்டில் போட்டால் தேவையான உந்தல் கிடைக்கும்:

உ² = செ2 · |(1 + க·(வி − செ1)) · (1 + க·(வி − செ2)) + பி²|² ÷ பி²

செ2-ஐ 0-இலிருந்து 20 வரை 0.001 படியில் ஓட்டி, கிடைக்கும் உ²-ஐக் கிடைமட்ட அச்சிலும் செ2-ஐச் செங்குத்திலும் வரையுங்கள். எல்லாக் கிளைகளும், நிலையில்லாதவை உட்பட, ஒன்றுகூடத் தவறாமல் வந்துவிடும். வலப்பக்கம் செ2-இல் 9-ஆம் படிப் பல்லுறுப்புக்கோவை. ஒரே உந்தலுக்கு அதிகபட்சம் ஒன்பது நிலைகள் இருக்கலாம். வளைகோடு தன்மேலேயே மடிவதைப் பார்த்து நிரல் தப்பு என்று நினைக்க வேண்டாம்.

சரிபார்க்கச் சில எண்கள், எல்லாம் பி = 5-க்கு. வி = 5, செ2 = 1 என்றால் செ1 = 0.68, உ² = 5.81. பிறகு வி = 8-க்குப் போங்கள். செ2 = 0.5, 0.7, 1, 3 ஆகியவற்றுக்கு உ² முறையே 17.0, 18.0, 17.0, 12.0. உந்தல் ஏறி, 18-ஐ ஒட்டித் திரும்பி, இறங்குகிறது. அந்தத் திருப்பம்தான் தாவல் முனை. அதாவது லேசரை இந்த விலகலில் நிறுத்தித் திறனை மெதுவாகக் கூட்டினால் சுமார் 70 மில்லிவாட்டில் செறிவு சட்டென்று மேலே தாவும். பிறகு குறைத்துக்கொண்டே வந்தால், 12-க்குச் சற்றுக் கீழே, 45 மில்லிவாட்டை ஒட்டித்தான் கீழே விழும்.

மேலே சொன்ன நான்கு மடங்கு விதியையும் இங்கேயே சோதிக்கலாம். ஒருகட்ட முறையில், அதாவது இரு வளையங்களும் சேர்ந்து ஒரே கட்டத்தில் ஆடும்போது, விலகல் வி − பி, இங்கே 3. உச்சியில் செறிவு 3, உ² = 4 × 3 = 12. துல்லியச் சூத்திரம் தருவது 12.02. ஆனால் கீழ்க்கிளையில் இந்த எளிய விதி 20.4 என்று தாவல் முனையைச் சொல்லும், உண்மை 18. அங்கே செ1 = 1.5, செ2 = 0.7. இரு வளையங்களும் சமமாக இல்லாதபோது எளிய விதி சறுக்கும்.

நிலைப்பா, இல்லையா

ஒவ்வொரு நிலைப்புள்ளியிலும் சிறு அதிர்வைக் கொடுத்தால் அது அடங்குமா வளருமா? அதற்கு 4×4 அணி ஒன்று. அதன் ஐகன் மதிப்புகளின் மெய்ப்பகுதி அதிர்வு வளரும் வீதத்தையும் கற்பனைப் பகுதி ஆடும் அதிர்வெண்ணையும் சொல்லும். மாறிகளின் வரிசை: அ1-இன் சிறு மாற்றம், அதன் இணையெண், அ2-இன் சிறு மாற்றம், அதன் இணையெண். முதல் வரி:

−1 − க·(வி − 2·செ1),   க·அ1²,   க·பி,   0

இரண்டாம் வரி அதன் கலப்பு இணை, முதல் இரண்டு இடங்களும் கடைசி இரண்டு இடங்களும் தமக்குள் மாறி. மூன்றும் நான்கும் அ2-க்கு அதே மாதிரி. அ2-ஐ செ2-இன் வர்க்கமூலமாக மெய்யெண்ணாகவே எடுத்து, அ1 = (1 + க·(வி − செ2))·அ2 ÷ (க·பி) என்று போடுங்கள். உந்தலின் கட்டம் சுழன்றிருக்கும். ஐகன் மதிப்புகளுக்கு அது ஒரு பொருட்டல்ல.

கெர் உறுப்பில் 2 என்ற பெருக்கை விட்டுவிடுவது மிகச் சாதாரணப் பிழை. அதைப் பிடிக்க ஒரு துல்லியமான சோதனை உண்டு: வி = 3, பி = 1, அ1 = அ2 = √2. இரு வளையங்களையும் உ = √2 என்று சமமாக உந்தினால் இதுவே நிலைப்புள்ளி. ஐகன் மதிப்புகள் 1, −1, −1, −3 என்று வர வேண்டும். −1 இரண்டும் திரையில் 10⁻⁸ அளவுக்குப் பிசிறோடு தெரியும். அது இரட்டை மூலத்தின் இயல்பு, பிழையல்ல. எந்தப் புள்ளியிலும் நான்கு மதிப்புகளின் கூட்டு −4 ஆகவே இருக்கும் என்பதையும் பாருங்கள். கெர் உறுப்பும் பிணைப்பும் ஆற்றலைத் தின்பதில்லை. இழப்பு மட்டுமே அந்தக் கூட்டைத் தீர்மானிக்கிறது.

இப்போது வளைகோட்டில் நிறம் பூசலாம். எல்லா மெய்ப்பகுதிகளும் எதிர்க்குறி என்றால் நிலையானது. ஒரு மெய்யான மதிப்பு சுழியைத் தாண்டினால் அங்கே தாவல் அல்லது சமச்சீர் முறிவு. ஒரு கலப்பு இணை சேர்ந்து தாண்டினால் ஹோஃப் முனை. துடிப்பு பிறக்குமிடம் அது. துடிப்பின் அதிர்வெண்ணும் உடனே கிடைக்கும்: கற்பனைப் பகுதியை 38.7 மெகாஹெர்ட்ஸால் பெருக்குங்கள். 10 வந்தால் 387 மெகாஹெர்ட்ஸ், அதாவது பி = 5-க்கான பிளவுக்குச் சமம். எந்த ஒளியுணரி வாங்க வேண்டும், அலைக்காட்டியின் பட்டை எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணிலிருந்து முடிவாகும்.

வி-யும் உ²-உம் அச்சுகளாக 300 × 300 கட்டத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை நிலையான கிளைகள், ஹோஃப் உண்டா என்று வண்ணமிட்ட படம் ஒன்றை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நிலையான கிளை ஒன்றுகூட இல்லாத பகுதி இருந்தால் அதுதான் பொன் நிலம்: எங்கிருந்து தொடங்கினாலும் ஒளி துடித்தே ஆக வேண்டும். நிலையான கிளையும் துடிப்பும் சேர்ந்திருக்கும் பகுதியில் எது கிடைக்கும் என்பது லேசரை எந்த வழியாகக் கொண்டுவந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

காலத்தில் ஓட்டும்போது

சமன்பாட்டைக் காலத்தில் நகர்த்த நான்காம் படி ரூங்கே–குட்டா முறை, காலப்படி 0.01. ஆய்லர் முறையைத் தொடவே வேண்டாம். காரணம் கைக்கணக்கிலேயே தெரியும்: அதிர்வெண் 20, தணிவு 1 உள்ள ஓர் ஊசலை 0.01 படியில் ஆய்லர் முறையில் ஓட்டினால், ஒவ்வொரு படியிலும் வீச்சின் வர்க்கம் 0.99² + 0.2² = 1.02 மடங்காகும். தணிய வேண்டியது வளர்கிறது. பிறகு கெர் உறுப்பு அதைப் பிடித்து நிறுத்தும், அழகான துடிப்பு திரையில் நிற்கும். அது முழுப் பொய். படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுவது ஒவ்வொரு முடிவுக்கும் கட்டாயம். துடிப்பின் காலமோ வீச்சோ மாறினால் நம்ப வேண்டாம்.

நேரியல் எல்லையில் சோதனை: உ = 0.01, பி = 5. வி = 5-இல் செ1-ஐ உ²-ஆல் வகுத்தால் 26/101, செ2-ஐ வகுத்தால் 25/101. வி = 0-இல் அவை 1/676, 25/676. உந்தப்படும் முதல் வளையம் இருண்டு, இரண்டாவது 25 மடங்கு ஒளிர்வது முதலில் பார்ப்பவரைக் குழப்பும். இரண்டாம் வளையத்திலிருந்து திரும்பும் ஒளி, உள்வரும் ஒளியை முதல் வளையத்தில் அழித்துவிடுகிறது.

லேசரை நகர்த்துவதைப் போலச் செய்ய வி-யை −10-இலிருந்து +20 வரை, கால அலகு ஒன்றுக்கு 0.01 வீதம் கூட்டுங்கள். மொத்தம் 3000 அலகு, 3 லட்சம் படிகள். இதைவிட வேகமாகப் போனால் ஒவ்வொரு தாவலுக்கும் பின்னால் அலையலையாக ஒரு வால் வரும். வாலா துடிப்பா என்று ஐயம் வந்தால் வி-யை அந்த இடத்தில் நிறுத்தி 50 அலகு காத்திருங்கள். வால் என்றால் அடங்கிவிடும். இரண்டு உறுப்புள்ள நம்பை அணியை வைத்துச் சுழற்சி எழுதினால் வெறும் பைத்தான் கலப்பெண்ணைவிட மெதுவாக ஓடும். ஒன்று, கலப்பெண்களாகவே எழுதுங்கள். அல்லது ஆயிரம் உந்தல் மதிப்புகளை ஓர் அணியில் அடுக்கி ஒரே ஓட்டத்தில் முடியுங்கள்.

இரு வளையங்களையும் சமமாக உந்தும் அமைப்பில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. தொடக்கத்தில் அ1-உம் அ2-உம் அச்சு அசலாகச் சமமாக இருந்தால், இரண்டின் வட்டமாக்கல் பிழைகளும் ஒன்றேயாகி, கணினி சமச்சீரை உடைக்கவே உடைக்காது. நிலையில்லாத புள்ளியின் மேல் நிரல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். அ1-உடன் மட்டும் 10⁻⁶ சேர்த்துத் தொடங்குங்கள். மேலே சொன்ன வி = 3, பி = 1 புள்ளியில் வேறுபாடு ஓர் அலகுக்கு 2.718 மடங்கு வளர்ந்து, சுமார் 14 அலகுக்குப் பின் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சரிவை மடக்கை அச்சில் அளந்தால் ஐகன் மதிப்பு 1 திரும்பக் கிடைக்க வேண்டும். வளர்ச்சி முடிந்து எங்கே போய் நிற்கிறது என்பதை மட்டும் இந்தப் புள்ளியில் ஆராய வேண்டாம்: செறிவு 1-இல் இன்னொரு நிலைப்புள்ளி பிறக்கும் முனையிலேயே இது நிற்கிறது, சிறு பிழையும் முடிவை மாற்றும். உ²-ஐ 1.9 அல்லது 2.1 ஆக்கிக்கொண்டு பாருங்கள்.

ஒழுங்கற்ற ஆட்டமா என்று தீர்மானிக்க, 10⁻⁸ வேறுபாடுள்ள இரண்டு நகல்களை ஓட்டி, வேறுபாடு வளரும் வீதத்தை அளந்து, ஒவ்வொரு அலகிலும் மீண்டும் 10⁻⁸-க்குச் சுருக்கிக்கொண்டே போங்கள். முதல் 500 அலகைத் தள்ளிவிட்டு அடுத்த 5000-க்குச் சராசரி. நேர்க்குறி என்றால் ஒழுங்கின்மை. வெறும் நிறமாலை அகன்றிருப்பதைப் பார்த்து முடிவு கட்டுவது சரியல்ல. பல அதிர்வெண் கொண்ட ஒழுங்கான ஆட்டமும் அப்படித் தெரியும்.

சூடு

கணினியில் எல்லாம் சரியாக இருந்தும் மேசையில் பொருந்தாததற்கு முதற்காரணம் சூடு. உறிஞ்சப்பட்ட ஒளி வளையத்தைச் சூடாக்குகிறது. சிலிக்கான் நைட்ரைடு வளையம் 1 டிகிரிக்கு ஏறக்குறைய 2.5 கிகாஹெர்ட்ஸ் சிவப்புப் பக்கம் நகரும். நம் வரி அகலத்துக்கு 0.03 டிகிரி போதும். சூட்டு நகர்வும் கெர் நகர்வும் ஒரே திசை. பெரும்பாலும் சூடே பெரிது. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கார்மனும் வஹாலாவும் 2004-இல் விளக்கிய முக்கோண வடிவப் பள்ளம் இதன் கைரேகை: லேசர் நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும்போது வளையம் கூடவே ஓடி, கடைசியில் பிடி விட்டுத் திடீரென்று திரும்பும்.

நிரலில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு மெய் மாறியைச் சேருங்கள். அது செறிவை நோக்கி மெதுவாக நகர்ந்து, விலகலிலிருந்து கழிபட வேண்டும். சூட்டின் காலம் 10 மைக்ரோவினாடி என்றால் நம் அலகில் 2400. நிஜ லேசர் ஓட்டம், எடுத்துக்காட்டாக 5 மில்லிவினாடியில் 10 கிகாஹெர்ட்ஸ், 12 லட்சம் அலகு, 0.01 படியில் 12 கோடிப் படிகள். பைத்தானில் அது நடக்கிற காரியமல்ல. சூட்டின் காலத்தை 300 அலகுக்குச் செயற்கையாகக் குறைத்து, ஓட்டத்தையும் அதே விகிதத்தில் வேகமாக்கினால் வடிவம் மாறாது. 300 இன்னும் 1-ஐவிட மிகப் பெரிது என்பதே தேவை.

கெர் மட்டும் வேண்டுமென்றால், ஒலியொளிப் பண்பேற்றியால் லேசரை 1 மைக்ரோவினாடித் துணுக்குகளாக வெட்டுங்கள். ஒளிக்கு அது 240 அலகு, நிலைபெறத் தாராளம். சூட்டுக்கு அது பத்தில் ஒரு பங்கு காலம்தான். துணுக்குகளுக்கு நடுவே 100 மைக்ரோவினாடி ஆறவிடுங்கள்.

மேசையில்

முதல் நாள் முழுவதும் குறைந்த திறனில். 100 மைக்ரோவாட் என்றால் உ² = 0.026, கெர் விளைவு எட்டிப்பார்க்காது. சில்லின் முனைகளில் எவ்வளவு ஒளி போகிறது என்பதை இரு முனைகளையும் சேர்த்து அளந்து, அலைவழிக்குள் இருக்கும் திறனை மட்டுமே கணக்கில் எடுங்கள். முனைக்கு 2 டெசிபெல் இழப்பை விட்டுவிட்டால் உ² ஒன்றரை மடங்குக்கு மேல் தப்பாகும்.

ஒரே அளவில் வரைந்த வளையங்கள் கையில் வரும்போது பல கிகாஹெர்ட்ஸ் விலகியே இருக்கும். இரண்டாம் வளையத்தின் மேலுள்ள சூடேற்றியின் மின்னோட்டத்தைச் சிறுசிறு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறமாலை எடுங்கள். இரண்டு பள்ளங்கள் நெருங்கி, தொடாமல் விலகிப் போகும். மிக நெருங்கிய இடத்தில் உள்ள தூரமே பிளவு: பி = 5 என்றால் 387 மெகாஹெர்ட்ஸ். அதிர்வெண் அச்சை லேசரின் மின்னழுத்தத்திலிருந்து படிக்க வேண்டாம், அது வளையும். கட்டப் பண்பேற்றியில் 500 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் கிடைக்கும் பக்கக் கோடுகள்தான் நம்பகமான அளவுகோல்.

சூடேற்றியை எவ்வளவு விலக்கினாலும் சில பத்து மெகாஹெர்ட்ஸ் பிளவு ஒன்று மாறாமல் நின்றால், அது வளையங்களின் பிணைப்பல்ல. சுவரின் சொரசொரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, எதிர்த்திசையில் சுற்றும் ஒளியோடு பிணைந்த பிளவு அது. நல்ல கியூ உள்ள சில்லில் இது சகஜம். அதை மாதிரியில் சேர்க்காமல் விட்டால் கணித்த வரைபடம் பொருந்தாது. வேறொரு ஒத்ததிர்வுக்குப் போய்விடுவது எளிய வழி.

பள்ளம் சுழிவரை இறங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். தனி வளையம் உச்சப் பிணைப்பில் சுழிக்குப் போகும். பிணைந்த இரண்டில் நேர்வழியில் 25 விழுக்காடு மிஞ்சும், வெளியேற்று வழியில் கிட்டத்தட்ட 25 வரும், மீதி உள்ளே இழக்கப்படும். வெளியேற்று வழிக்கு இன்னொரு பெரிய பயனும் உண்டு: அங்கே வரும் திறனை உள்ளே விட்ட திறனால் வகுத்தால் நேராக செ2 ÷ உ² கிடைக்கும். அளந்த புள்ளிகளை, முன்பு வரைந்த வளைகோட்டின் மேலேயே, எந்தப் பொருத்தக் காரணியும் இல்லாமல் இடலாம். இதற்காகவே வெளியேற்று வழி இல்லாத சில்லை இரண்டாம் பட்சமாகத்தான் எடுக்க வேண்டும்.

திறனை ஏற்றும்போது சூடேற்றியின் பழைய அமைப்பு பொருந்தாது. கீழ்க்கிளையில் முதல் வளையம் இரண்டாவதைவிட இரு மடங்கு ஒளி வாங்குகிறது, அதனால் கூடுதலாகச் சூடாகிறது. வளையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். மேற்கிளைக்குத் தாவியதும் இரண்டும் ஏறக்குறையச் சமம். ஒவ்வொரு திறனிலும் சூடேற்றியைச் சிறிது முன்பின் நகர்த்தி, தாவல் முனைகள் எப்படி நகர்கின்றன என்று பதிந்துகொள்ளுங்கள். தளத்தின் வெப்பநிலை மில்லிடிகிரி அளவில் நிற்காவிட்டால் இந்தப் பதிவுகளுக்கு அர்த்தமில்லை.

துடிப்பைத் தேடும்போது, சுவரில் ஒட்டிய படத்தில் ஹோஃப் பகுதியின் நடுவே போய் நின்று, ஒளியுணரியின் வெளியீட்டை மின் நிறமாலைமானியில் பாருங்கள். கணித்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் கோடு வந்தால் நல்லது. அதற்குப் பதில் சில பத்து கிலோஹெர்ட்ஸில் வந்தால் அது சூடும் ஒளியும் மாறி மாறி இழுத்துக்கொள்ளும் ஆட்டம். கெர் துடிப்போடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பல நிறங்களுக்குப் போகும்போது

செறிவு 1-ஐத் தாண்டினால் வளையத்துக்கு ஒரு ஒத்ததிர்வு என்ற எளிமை போதாமல் போகலாம். பக்கத்து ஒத்ததிர்வுகளிலும் ஒளி முளைத்து, சம இடைவெளியில் நிற்கும் பல நிறக் கோடுகளான அதிர்வெண் சீப்பு உருவாகும். அப்போது லுகியாட்டோவும் லெஃபெவரும் 1987-இல் எழுதிய சமன்பாட்டை ஒவ்வொரு வளையத்துக்கும் போட்டு, அதே பிணைப்பால் கட்ட வேண்டும். இந்த வழியில் சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். குழுவும் சுவீடனின் சால்மர்ஸ் குழுவும் 2021-இல் இரட்டை வளையங்களில் சொலிட்டான்களை, அதாவது வடிவம் மாறாமல் சுற்றும் ஒளித் துடிப்புகளை, ஆராய்ந்தன. சால்மர்ஸ் குழு 2023-இல் உந்தும் ஒளியின் பாதிக்கு மேல் சீப்பாக மாற்றிக் காட்டியது. அங்கே இரண்டாம் வளையத்தின் வேலை, உந்தப்படும் ஒரே ஒத்ததிர்வை மட்டும் இடம் பெயர்த்துவிடுவது; அதற்காக இரு வளையங்களின் ஒத்ததிர்வு இடைவெளிகளும் வேறுபட்டிருக்கும்.

நிரலில் 256 அல்லது 512 புள்ளிகள், பிளவுபடி ஃபூரியர் முறை. ஒரு தவறு அடிக்கடி நடக்கும்: நிறப்பிரிகையை (நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறுவதை) ஒரு படியிலும் பிணைப்பை வேறொரு படியிலும் போடுவது. படி சற்றுப் பெரிதானாலே பிளவு தப்பாகும். ஒவ்வொரு ஒத்ததிர்வு எண்ணுக்கும் 2×2 அணியை எடுத்து, இழப்பு, விலகல், நிறப்பிரிகை, பிணைப்பு நான்கையும் அதில் வைத்து, அதன் அடுக்குக்குறிச் சார்பை ஒருமுறை கணக்கிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். கெர் உறுப்பு மட்டும் தனிப்படி.

தொடக்க இரைச்சலும் கைக்கு வந்த எண்ணாக இருக்கக் கூடாது. ஒத்ததிர்வுக்கு அரை ஃபோட்டான் என்றால் நம் அலகில் செறிவு 4 × 10⁻⁹, வீச்சு 6 × 10⁻⁵. ஒவ்வொரு ஒத்ததிர்வுக்கும் சீரற்ற கட்டத்தோடு இந்த வீச்சைக் கொடுங்கள். இதைவிட நூறு மடங்கு கூடுதலாகப் போட்டால் சொலிட்டான் எண்ணிக்கை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதன் விகிதம் தப்பாக வரும். சுழியாக விட்டால் சீப்பு பிறக்கவே பிறக்காது.

பிணைப்புக் கோணம் 0.3 ரேடியனைத் தொடும் சில்லுகளுக்கு இந்தச் சராசரி மாதிரி எதுவும் பொருந்தாது. அங்கே ஒளியை ஒவ்வொரு சுற்றாக எடுத்து, பிணைப்பிடத்தில் 2×2 அணியால் கலந்து, சுற்றின் மீதியில் கட்டத்தையும் இழப்பையும் சேர்க்கும் ஐகேடா வகைக் கணக்குக்கு மாற வேண்டும். மாறும் முன், 0.012 ரேடியனில் இரண்டு நிரல்களையும் ஓட்டி, வி = 8-இல் தாவல் முனை இரண்டிலும் 18-ஐ ஒட்டியே வருகிறதா என்று பாருங்கள்.